சாவிக்கொத்துச் சத்தம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓய்வுபெற்ற சர்வேயர், அவர் மனைவி, அவருடைய தங்கை, மருமகள். ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. பிற்பாடு சொந்தத்தில் ஆளாளுக்கு நேரில் பார்த்தது போலப் பேசியதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

"இப்ப போன் அடிக்கும் பாரு" என்றாள் மனைவி. மடியில் முறம் நிறையப் பட்டாணி. கை உரித்துக்கொண்டிருந்தது, தலை நிமிரவில்லை.

டிவியில் போன் அடித்தது.

"மூணு தரம் அடிச்சு நின்னுடும். அப்புறம் மாடிப்படியில செருப்புச் சத்தம்." அதுவும் அப்படியே நடந்தது.

மருமகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அத்தை, நாப்பது வருஷத்துப் பழைய படம். மர்மப் படமாச்சேன்னு தேடிப் பிடிச்சுப் போட்டா, வசனம் எழுதினவங்க மாதிரி முன்னாடியே சொல்றீங்க."

"அண்ணி கல்யாணமாகி வந்த புதுசுலயே இந்தக் கதையை எனக்கு முழுசா சொன்னாங்களே" என்றாள் தங்கை. அண்ணனை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "யாரு கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்கன்னு மட்டும் இன்னிவரைக்கும் சொல்லல."

சர்வேயர் படத்தைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் வந்தது கல்யாணத்துக்கு முந்தின வருஷம். 'என் பொண்ணுங்க தியேட்டர் வாசலை மிதிச்சதில்லை' என்று சம்பந்தம் பேசிய அன்று மாமனார் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தார். அப்படியானால் இவளை அழைத்துப்போனவன் யார்? முப்பத்தெட்டு வருஷமாக அந்தக் கேள்வி அவர் தொண்டையில் முள்ளாக நின்றது. கேட்டால் வீட்டு மானம் போகும், கேட்காவிட்டால் தூக்கம் போகும். அவர் மானத்தைக் காத்தார்.

சம்பந்தம் பேசிய அன்று அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். மாமனாருக்குத் தையல்கடை. முட்டுச்சந்தில், ஜன்னலே இல்லாத ஓர் உயரமான சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்ற கடை. அங்கே உட்கார்ந்து இவள் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடைப் பேச்சே புகுந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். பெண் வீட்டைவிட்டு வெளியே போகாதவள் என்றே சொந்தத்தில் சொல்லப்பட்டது. தங்கைக்குக்கூடத் தெரியாது.

"கொலைகாரன் யாரு அத்தை? சொல்லிடுங்க, எனக்குப் பொறுமை இல்ல."

"பேசும்போதெல்லாம் சாவிக்கொத்தை ஆட்டுவான் பாரு, அவன்தான்."

திரையில் மூன்று ஆண்கள் ஒரு பிணத்தைச் சுற்றிப் பேசாமல் நின்றார்கள். "இதுல எவன்?" என்றாள் மருமகள்.

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "தெரியலையே."

"அது எப்படி அண்ணி? வசனம் மொத்தமும் ஞாபகம் இருக்கு, மூஞ்சி மட்டும் மறந்துபோச்சா?"

சர்வேயருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவள் திரையைப் பார்க்கவே இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எழுந்துபோய் டிவிக்கு முன்னால் நின்றார். "யார் கூட?"

"என்னங்க யார் கூட?"

"இந்தப் படத்துக்கு."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. மருமகள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். "மாமா, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு..."

"நீ சும்மா இரும்மா."

"முப்பத்தெட்டு வருஷம் கழிச்சாவது வாயைத் திறந்தீங்களே" என்றாள் மனைவி. "ஆறு பொண்ணுங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான்."

"எத்தனை தரம்?"

"ஒரு நாளைக்கு மூணு ஆட்டம். எழுபது நாள் ஓடிச்சு."

"எழுபது நாளும் கடையில வேலையைப் போட்டுட்டா போன?"

வார்த்தை தவறி விழுந்தது. தங்கை சட்டென்று நிமிர்ந்தாள். "கடையா? அண்ணி எந்தக் கடையில வேலை பாத்தாங்க?"

மனைவி சர்வேயரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் கண் தரைக்குப் போயிற்று.

"நீங்களே சொல்லிட்டீங்க. இனி எனக்கென்ன" என்றவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். "எங்க அப்பா தையல்கடையில. ஒரு நாளைக்கு நாப்பது சட்டைக்குக் காஜா எடுப்பேன். நல்லா எடுப்பேன்."

பிறகு கணவரிடம் சொன்னாள். "வேலையைப் போட்டுட்டு எங்கேயும் போகல. ஊரான் வீட்டுச் சுவரையெல்லாம் இது யாரோடதுன்னு கேட்டுக் கேட்டு அளந்தீங்களே. எங்க கடைக்குப் பின்சுவர் யாரோடதுன்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

"யாரோடது?"

"தியேட்டரோடது. எங்க அப்பா ஒண்ணும் பொய் சொல்லல."

சர்வேயரின் முதுகுக்குப் பின்னால், குறைத்துவைத்த டிவியில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அவரைத் தாண்டி எட்டிப் பார்க்கக் கழுத்தை வளைத்தாள்.

தங்கை மெல்ல இழுத்தாள். "அப்ப, அண்ணி யாரோ ஒருத்தன் கூடப் போய் இந்தப் படத்தைப் பாத்ததா சொந்தத்துல எல்லார்கிட்டயும் நான் சொல்லி வச்சது..."

"ஏங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது" என்றாள் மனைவி. "இந்தப் படத்தை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்."