ஜாடியின் அடி

ஈஸ்டர் காலை வெயில் யாத்விகாவின் அடுப்படி ஜன்னல் வழியே கண்ணாடி ஜாடிமேல் விழுகிறது. சிலேசியாவுக்குச் சுற்றுலா போனபோது குடித்த சூரெக் சூப்பின் ருசி நாக்கை விட்டுப் போகாமல், ஐந்து நாளாக அந்த ஜாடியில் ரை தானிய மாவைப் புளிக்கவைத்திருக்கிறாள். வீடே நாறுகிறதென்று ஐந்து நாளும் முணுமுணுத்த கணவன் ஸெனோன், இப்போதும் மூக்கைப் பொத்தியபடி நிற்கிறான். “ஊர் சுத்தப் போறவங்க பொம்மை கிம்மை வாங்கிட்டு வருவாங்க. நீ நாத்தத்த வாங்கிட்டு வந்திருக்க.” “வேணாம்னா, நேத்து பாதிரியார் மந்திரிச்ச முட்டைய மட்டும் தின்னுட்டுப் போங்க.” தொத்திறைச்சி கொதிக்கும் பானையில் புளித்த கரைசலைச் சாய்க்கிறாள். பூண்டு வாசனையோடு ஆவி எழுந்து ஜன்னல் கண்ணாடியில் படிகிறது. அவன் ஒரு கரண்டி அள்ளி, ஊதிக் குடிக்கிறான். மறுபடியும் ஒரு கரண்டி அள்ளுகிறான். ஜாடியில் மிஞ்சியதையும் அவள் கவிழ்க்கப் போக, வெடுக்கெனப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறான். “முழுசாக் கொட்டிடாதடி! அடுத்த தடவைக்கு உறை ஊத்த வேணாமா?”