வாய் திறக்கக் கூடாது

மேல்முறையீட்டுக்கான கெடுவை மறந்துபோனவள் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா மெர்லின். அதனால் கட்சிக்காரர் நயினாருக்குத் தையல்கடை கையை விட்டுப் போயிற்று.

“தப்பு நம்மளுதுன்னு வாயைத் திறந்துராதீங்க. அப்புறம் நஷ்டஈட்டுக்கு கம்பெனி பைசா தராது” என்று, ஆபீஸின் தொழில் தவறுகளுக்குக் காப்பீடு கொடுத்திருந்த இன்சூரன்ஸ்காரர் காலையிலேயே போனில் எச்சரித்திருந்தார்.

மதியம் நயினார் வந்தார்.

“அப்பீல் பேப்பர்ல கையெழுத்துப் போட நான்தான் லேட்டா வந்துட்டேனோம்மா?”

கூப்பிட்ட அன்றே ஓடி வந்தவர் அவர். ‘இல்லண்ணே’ என்ற சொல் மெர்லினின் தொண்டைவரை வந்தது. மேஜையைப் பார்த்தபடி அதை விழுங்கினாள்.

அவர் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார்.

“உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் கொடுத்துட்டேன். மன்னிச்சுருங்கம்மா” என்று எழுந்து கைகூப்பினார்.

மெர்லினும் எழுந்து கைகூப்பினாள். அவர் படியிறங்கிப் போன பிறகும் அவளால் கைகளை இறக்க முடியவில்லை.