ரேடியோவுக்குத் தொண்டை கட்டிய நாள்

“அண்ணன் வரச் சொல்லிட்டார். அவர் ஊர்ல ஒரு துணிக்கடையில வேலை பேசி வச்சிருக்காராம். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி பஸ்.”

“அப்படியா... ஜன்னல் சீட்டா பாத்து உட்காருங்க.”

நேற்று மாலை அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். சொல்லிவிட்டு அவர் படகுக் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார். அந்த ஜன்னல் சீட்டுப் பேச்சு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆறு வருடமாக இந்தச் சுற்றுலாப் படகில் அவள்தான் டிக்கெட் கிழிக்கிறாள், லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறாள். படகு ஓட்டுகிற அவர் வாய் ஓயாமல் பேசுவார். அதனால் துறையில் எல்லோருக்கும் அவர் ‘ரேடியோ’.

மனைவியை இழந்து பத்து வருடமான மனிதர். முப்பத்தெட்டு வயது வரை கல்யாணப் பேச்சே கூடிவராதவள் அவள். ஒரு நாள் கேட்பார் என்று இருந்தாள். கடற்கரையில் உள்ள அத்தனை பாறைக்கும் பறவைக்கும் கதை வைத்திருந்தவர், அவளிடம் கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவே இல்லை.

இன்று காலை கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். குரல் போய்விட்டதாம்.

போகிற நாளில்கூட இவரிடம் ஒரு வார்த்தை வாங்க முடியாதா!

காலைச் சவாரிகள் ஊமைப் படமாக ஓடின. மூன்றரை மணிப் படகில் ஏறியவர்கள் விடுவதாக இல்லை. “வெறும் தண்ணியைப் பாக்கவா காசு குடுத்தோம்? எது என்னன்னு யாராவது சொல்லுங்கப்பா!”

அவர் மைக்கை எடுத்து அவள் கையில் வைத்தார். அவளுக்கு இதுதான் கடைசிச் சவாரி. முன்பலகைக்கு அடியில் அவள் பை இருந்தது. அவள் மணி பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

முன்னால் போய் நின்று, பயணிகளைப் பார்த்துத் திரும்பினாள். பின்கோடியில் என்ஜினைப் பிடித்தபடி அவர்.

“வலப்பக்கம் அலையாத்திக் காடு. வேரெல்லாம் தண்ணிக்கு மேல நிக்குது பாருங்க. சேறு ஒட்டிக்கும்னு பாவாடையைத் தூக்கிப் பிடிச்ச மாதிரி.”

சிரித்தார்கள். அவருடைய பேச்சு ஒரு சொல் பிசகாமல் தன் வாயில் வருவதில் அவளுக்கே வெட்கம்.

“கட்டையில நிக்கிறது நீர்க்காகம். ரெக்கையைக் காயப் போட்டிருக்கு. தொந்தரவு பண்ணாதீங்க, அதுக்கு மாத்துத் துணி இல்ல.”

முன்வரிசை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பின்னால் திரும்பி, “வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிங்க தம்பி, சரியாப் போயிடும்” என்றாள். அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. தென்னந்தோப்பு போனது. கரையில் காய்ந்த வலைகள் போயின. மணி நாலு.

“அதோ, கலங்கரை விளக்கம். அது என்னை மாதிரி...”

நிறுத்தினாள். அது அவர் சொல்ல வேண்டிய வரி.

“அது நம்ம படகுக்காரர் மாதிரி. ஊருக்கெல்லாம் வழி காட்டும். நின்ன இடத்தை விட்டு ஒரு அடி நகராது.”

படகே குலுங்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என்ஜினில் என்னவோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

அவளுக்கு ஏன் அப்படிச் சொன்னோம் என்றிருந்தது. சொன்னது போதாது என்றும் இருந்தது.

ஆறு கடலில் சேரும் இடம் வந்தது. எப்போதும் போல அவர் என்ஜினை அணைத்தார்.

“இங்க ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. கண்ணை மூடிக்கோங்க. ஒரு காதுல ஆறு கேக்கும், ஒரு காதுல கடல் கேக்கும்.”

எல்லோரும் கண்ணை மூடினார்கள். குழந்தைகள்கூட.

அவள் மூடவில்லை. பின்கோடியில் அவரும் மூடவில்லை. கழுத்துத் துண்டை அவிழ்த்து மடியில் வைத்தார்.

கரகரப்பே இல்லாத, தெளிவான குரல் அது. காலையிலிருந்து வாயைத் திறக்கப் பயந்துகொண்டிருந்த குரல்.

“பஸ் ஏறாதீங்க. என்னைக் கட்டிக்கிட்டு இங்கயே இருந்துடுறீங்களா?”