நீளப் பெயர் வைத்தவள்

துருப்பிடித்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள் அவள். காகிதங்களை ஸ்கேன் செய்வதற்கு முன்னால் அதுதான் முதல் வேலை. கை பாட்டுக்கு வேலை செய்தது. காது மட்டும் கம்ப்யூட்டர் பக்கமே இருந்தது.

"நாற்பத்தெட்டு லிங்க் திறக்கலை!" என்று பொரிந்தார் மேனேஜர் அம்மா. "லிஸ்ட்ல இருக்கற ஃபைல் பேரை அழுத்தினா ரிப்போர்ட் வரணுமா இல்லையா?"

குழந்தைகளின் காதுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரி அது. அவள் சேர்ந்து மூன்று மாதம். வேலை நிரந்தரமா இல்லையா என்று மேனேஜர் இன்றைக்குச் சொல்ல வேண்டும். ஆறாவது வரை படித்தவளுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை இன்னொன்று எங்கே கிடைக்கும்?

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மெஷின்ல கோளாறு இல்லம்மா. ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர், அதுக்குள்ள இன்னொண்ணு, கடைசியில ஃபைல் பேரு. மொத்தமா இருநூத்துச் சொச்சம் எழுத்துதான் எக்செல் லிங்க் தாங்கும். மேல போனா முழிக்கும். இதைக் கேளுங்க... 'இடது காதைத் தொட்டா அழுவான் கருவியை முதல்ல அம்மா காதுல வச்சுக் காட்டணும்'. இது ஃபைல் பேரா, கடுதாசியா?"

"யார் வேலை இது?"

அவள் எழுந்து நின்றாள்.

"நான்தான் மேடம்."

"ஏன்?"

"காகிதம் குடுக்கறப்போ அம்மாங்க சொல்வாங்க. மறந்துடக் கூடாதேன்னு..."

"உன்கிட்ட ரிப்போர்ட்டைக் கேட்டா ஊர்க்கதை எழுதி வச்சிருக்கே! குழந்தைங்களைப் பார்த்துக்க டாக்டர் இருக்கார். இந்த மூணு மாசமா அவர் ரூம்ல ஒரு குழந்தை அழுது கேட்டிருக்கியா? கைராசின்னா அது. அவருக்கு நீ சொல்லிக் குடுக்கணுமாக்கும்!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவும் சரிதானே.

"விடுங்கம்மா, அரை மணி வேலை. பேரையெல்லாம் நம்பராக்கி லிங்கையும் மாத்திடறேன்" என்றார் ரிப்பேர்க்காரர். அவள் பக்கம் திரும்பி, "எழுதணும்னா பக்கத்துக் கட்டத்துல எழுதும்மா. அங்கே எவ்வளவு எழுதினாலும் லிங்க் கோவிச்சுக்காது" என்றார்.

"ஒண்ணும் எழுத வேண்டாம்" என்றார் மேனேஜர்.

பதினோரு மணிக்கு நாற்பத்தெட்டு லிங்க்கும் டக் டக்கென்று திறந்தன.

பதினொன்றேகாலுக்கு டாக்டர் அறையில் ஒரு குழந்தை வீறிட்டது. அடுத்து வந்த குழந்தையும் வீறிட்டது. மூன்றாவது, கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போகவே மாட்டேன் என்றது.

"இன்னிக்கு என்ன வந்தது இதுங்களுக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே மேனேஜர் அவள் மேசைக்கு வந்தார். "சரி, உன் விஷயம். நல்லாப் படிச்ச பொண்ணு ஒண்ணு இந்த வேலையைக் கேட்டுக்கிட்டே இருக்கு. அதனால நீ நாளையிலேருந்து..."

கதவு படீரென்று திறந்தது. சட்டை கசங்கி, வேர்த்து விறுவிறுத்து நின்றார் டாக்டர்.

"லிஸ்ட்ல வெறும் நம்பரா இருக்கு! அந்த நீளப் பேரெல்லாம் எங்கே? யாரு எழுதினது அதை?"

அவள் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"நீங்களாம்மா? கைராசின்னு எல்லாரும் சொன்னப்போ நானும் சிரிச்சுக்கிட்டே இருந்துட்டேன். அந்தப் பேரைப் படிச்சுட்டுத்தான்மா நான் ஒவ்வொரு குழந்தையையும் தொட்டேன்! சீக்கிரம் உள்ளே வாங்க, இவன்கிட்ட முதல்ல என்ன சொல்லி..."