எண்ணிக்கை நாள்

"ஓட்டு எண்ணுற விஷயத்தை மட்டும் அவ காதுல போட்றாதீங்க டாக்டர்," என்று கெஞ்சினான் தசரதன்.

"அதை நான்தான் உங்களுக்குச் சொல்லணும். பிரஷர் நூத்தி அறுபதுக்கு மேல நிக்குது. எட்டாம் மாசம். வலிப்பு வந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. கால் வீங்கின பொம்பளைய ஓட்டுக் கேக்கத் தெருத்தெருவா கூட்டிட்டுப் போவாங்களா?"

தசரதன் தலையைக் குனிந்துகொண்டான். மனைவி அங்காளம்மாளைத் தாம்பரத்து நர்சிங் ஹோமில் சேர்த்து இரண்டு நாளாகிறது. படப்பைப் பக்கம் இருக்கும் அவர்கள் ஊருக்கு ஊராட்சித் தேர்தல் எண்ணிக்கை இன்றைக்கென்றா வந்து தொலைய வேண்டும்?

மணிக்கொரு தரம் சிநேகிதன் ஜெயவேலு மொபெட்டில் பறந்து வந்தான்.

"மச்சான், இருபது ஓட்டு பின்னால கீறோம்."

தசரதன் அறைக்கு ஓடினான். உள்ளே எட்டிப் பார்த்தால் அங்காளம்மாள் விழித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஆச்சு? ஜெயிச்சுட்டோமா?"

"இன்னும் பொட்டியே தொறக்கல. நீ தூங்கு."

மத்தியானம் ஜெயவேலு மறுபடி வந்தான். "எட்டு ஓட்டு முன்னால போய்க்கினு கீறோம்."

அதோடு தசரதனுக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே பிரஷர் இறங்க வேண்டும், வெளியே ஓட்டு ஏற வேண்டும். எதற்குச் சாமி கும்பிடுவது? இரண்டுக்கும் சேர்த்தே கும்பிட்டு வைத்தான்.

நாலரை மணிக்கு டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "நூத்தி முப்பதுக்கு வந்துட்டுது. குழந்தையும் நல்லா இருக்கு. படுக்கைய விட்டு மட்டும் எழுந்திருக்கக் கூடாது."

தசரதனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வேனில் பாதி ஊர் வந்து இறங்கியது.

"முப்பத்தோரு ஓட்டுல ஜெயிச்சுட்டோம் மச்சான்."

தசரதன் கழுத்தில் ரோஜா மாலை விழுந்தது. நர்ஸ் முறைத்ததால், "தலைவர் வாழ்க" என்று எல்லோரும் கிசுகிசுத்தார்கள்.

"சர்ட்டிபிகேட் எங்கடா?"

"அதான் பேஜாரு. உன் கையெழுத்து செல்லாதுன்னுட்டாரு ஆபீசரு. கையெழுத்து வாங்கியாரச் சொல்லி இந்தத் தாளக் குடுத்து அனுப்பினாரு."

தசரதன் டாக்டரைப் பார்த்தான்.

"இப்பச் சொல்லலாம். மெதுவா சொல்லுங்க," என்றார் அவர்.

மாலையும் கழுத்துமாகத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தவனைப் படுத்தபடியே ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாலைய இப்படிக் குடு. பேனாவையும் குடு," என்று கை நீட்டினார், பெண்களுக்கென்று ஒதுக்கிய அந்த ஊராட்சியின் தலைவர் அங்காளம்மாள்.