கழுவிய தரை

ஜீப்பின் ஹார்ன் அலறியது. வாசலில் வரவேற்பு பேனர் கட்டிக்கொண்டிருந்த ஊழியர்கள், சிதறிய ஆணிகளைக்கூடப் பொறுக்காமல் ஓடினார்கள். அந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில், சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குத் தனிப் பிரிவு ஒன்று இருந்தது. அங்கே டாக்டர்களுக்குப் பயிற்சி தர அரசு கொடுத்துவந்த நிதி தொடருமா என்பது இன்று தெரிந்துவிடும். நின்றுவிட்டால் பயிற்சி டாக்டர் நிறைமதி கிளம்ப வேண்டியதுதான், பிரிவுக்கும் பூட்டு.

அதை முடிவுசெய்ய ஜீப்பில் வந்திறங்கிய அதிகாரி, பளபளவென்று கழுவி வைத்திருந்த தரையில் நின்றபடி நிறைமதியிடம் கேட்டார். “அடிபட்டா வலிக்கும். வலிச்சா வரப்போறாங்க. இதுக்குன்னு தனியா டாக்டரைப் பழக்கணுமாம்மா?”

“வலிக்காது சார். அதுதான் நோயே.”

“கதை நல்லாத்தான் இருக்கு” என்று சிரித்தபடி அவர் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் செங்கல் சூளையில் வேலை பார்க்கும் பேச்சித்தாய் உள்ளே வந்தாள். பெரிய ஆபீசர் வந்திருக்கிறாரே என்று, நிறைமதி கொடுத்திருந்த மெத்தென்ற செருப்பை வாசலுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டிருந்தாள். எல்லோரையும் கும்பிட்டாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் அவளுக்குப் பின்னால் தரையில் இருந்தது. அவளும் திரும்பினாள். வாசலிலிருந்து அவள் நிற்கும் இடம்வரை, ஈரத்தில் ஒற்றைப் பாதத்தின் சிவப்புத் தடம்.

பேச்சித்தாய் பதறிப்போய் நிறைமதியின் கையைப் பிடித்தாள்.

“ஆத்தாடி! யாரு பெத்த பிள்ளையோ தாயி, இம்புட்டு ரத்தத்தோட நடந்து போயிருக்கு!”