உப்புக் கிணற்றுக்குப் பின்னால்

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் கண்ணாடிக் கடைக்காரர் பொறியை வைத்தார்.

“மூணாவது தளத்துல, உப்புக் கிணத்துக்குப் பின்னாடி இருக்கிற சுவரைத் தட்டினா ஒரு ரகசிய அறை திறக்குமே, அது புதுசுலயும் இருக்குமா?”

இதைப் பழைய ஆட்டக்காரர்களின் போன் குழுவில் எழுதிப் போட்டுவிட்டு, லென்ஸ் தேய்க்கும் மெஷினையும் நிறுத்தினார். பொறி வைத்த இடத்தில் சத்தம் ஆகாது.

அப்படி ஓர் அறையே கிடையாது.

‘ஆந்தைக் கோட்டை’ என்ற அந்தப் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டில் அவர் தட்டிப் பார்க்காத சுவர் பாக்கி இல்லை. ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு பாதாளத்தில் இறங்க வேண்டும். வழி காட்ட அம்புக்குறி இருக்காது. கட்டம் போட்ட தாளில் நம் வழியை நாமே வரைந்துகொள்ள வேண்டும். வழி தப்பினால் ஆறு பேருக்கும் சேர்த்து அழ வேண்டியதுதான்.

அதன் இரண்டாம் பாகம் இப்போது, எல்லோருக்கும் தலை நரைத்த பிறகு, வரப்போகிறது.

பட்டப்பெயர்களில் உலவும் அந்தக் குழுவில் ஒரே ரகளை. “அம்புக்குறி வெச்சுக் கெடுத்திருப்பானுங்க, பாருங்க,” என்றான் பஸ் ஓட்டும் பல்லி. முறை வைத்து நிதானமாக அடிக்கும் சண்டையை எடுத்துவிட்டு, ஓடி ஓடி அடிக்க விட்டிருப்பார்கள் என்று வயிறு எரிந்தார் கரடி. கரடி ஒரு பல் டாக்டர். புது விளையாட்டின் படம் அழகாக இருக்கிறது, அதனாலேயே நம்ப முடியவில்லை என்றார் இன்னொருவர்.

இந்த ரகளைக்கு நடுவில்தான் ‘விருந்தாளி’ என்று ஒருவர் வந்து சேர்ந்தார். ஆணா பெண்ணா, தெரியாது. தன் அபிப்பிராயம் என்று எதுவும் சொல்ல மாட்டார். கேட்பதோடு சரி. எந்த இடத்தில் அலுத்துப் போனது, எங்கே பயந்தீர்கள், எந்தக் கதவைத் திறக்காமலே விட்டீர்கள்.

கம்பெனி அனுப்பிய ஆள் என்று கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். நம் வாயைக் கிளறி, நம் சொல்லையே விளம்பரமாக்கி, நம்மிடமே விற்க வந்த ஆள்.

எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, பார்வை பளிச்சென்று இருப்பதாகச் சாதிக்கிறவர்களைக் கடைக்காரருக்குப் பழக்கம் உண்டு. பலகையை மாற்றி மாட்டினால் போதும், முழித்துவிடுவார்கள். விளையாடாத ஆளும் அப்படித்தான், மாட்டிக்கொள்ளும் பயத்தில் ஆமாம் ஆமாம் என்பார். சொன்ன கையோடு வெளியே தள்ளிவிடலாம். குழுவின் சாவி இவர் கையில்தானே இருக்கிறது.

“அந்த ஆளு என்ன, உங்க சொத்தையா எழுதி வாங்கப் போறான்? கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க,” என்றாள் மனைவி, பிரேம்களைத் துடைத்தபடி.

“சும்மா இரு. எலி வர்ற நேரம்.”

வந்தது எலி இல்லை, பல்லி.

“அந்த அறையை மறக்க முடியுமாண்ணே? என் மந்திரவாதி செத்ததே அங்கதான்.”

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி படித்தார். அதேதான்.

அடுத்து கரடி. “உள்ள ஒரு நொண்டி நாய் படுத்திருக்குமே. ரொட்டி போட்டா நம்ம கூடவே கடைசி வரைக்கும் வரும்.”

ஒருவர் அந்த நாய்க்குப் பக்கத்தில் விளக்கேற்றி வைத்தார். இன்னொருவர் அந்த விளக்கைத் தொட்டால் சாபம் என்றார். மத்தியானத்துக்குள் இல்லாத அறைக்குத் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் வந்து இறங்கிவிட்டது.

உயிரை விட்டு வாதாடிய இவர்களில் யார்தான் நிஜமாக விளையாடியவர்கள்? பல்லியின் மகள் கல்யாணத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தவர் இவர். கரடியை நம்பி வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லையே கொடுத்தவர்.

அப்போதுதான் விருந்தாளி எழுதினார். ஒரே வரி.

“அப்படி ஒரு அறை இல்லையே.”

குழு பாய்ந்துவிட்டது. “பாத்தீங்களாண்ணே, விளையாடாத ஆளு. கம்பெனிக் கையாளு. தூக்கி வெளிய போடுங்க.”

‘நீக்கு’ என்ற சொல்லின் மேல் அவர் விரல் நின்றது.

அழுத்தினால், உண்மை பேசிய ஒரே வாயை அடைத்ததாகிவிடும். அழுத்தாமல் தன் பொறியைப் போட்டு உடைத்தால், கூடிப் பழகிய அத்தனை பேரும் பொய்யர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். குழு அன்றோடு சரி. எலிக்கு வைத்த பொறியில் வீட்டு மனிதர்கள் விரலெல்லாம் மாட்டிக்கொண்டு நின்றது.

அப்போதும் சந்தேகம் விடவில்லை. விருந்தாளிக்கு மட்டும் தனியாக எழுதினார்.

“உங்களுக்கு எப்படி அவ்வளவு உறுதியாத் தெரியும்?”

பதில் வரத் தாமதமானது. வந்தபோது நீளமாக வந்தது.

“நீங்க நினைச்சது சரிதான். நான் கம்பெனி ஆள். பழைய கோட்டையில அந்தச் சுவரை வெச்சதே நான்தான். பின்னாடி ஒரு அறைக்கு இடம் விட்டிருந்தேன். உள்ள என்ன வைக்கிறதுன்னு தோணலை, மூடிட்டேன். இந்தத் தடவையும் தோணலை. அதான் உங்க வாசல்ல வந்து நின்னேன். என்னை வேணா அனுப்பிடுங்க. அவங்களை மட்டும் நிறுத்தாதீங்க. இன்னும் கொஞ்சம் பேசட்டும்.”

கடைக்காரர் அந்த வரிகளை வெளிச்சத்தில் லென்ஸைத் திருப்புவதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் தெரியவில்லை. ஏமாற்ற வந்தவர் என்றால், ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

“என்னண்ணே யோசனை? தள்ளுங்கண்ணே,” என்று பல்லி அவசரப்படுத்தினான்.

அவர் விரலை எடுத்துக்கொண்டார். பிறகு, வாழ்நாளில் ஒருவர் பேச்சையும் லேசில் நம்பாத அந்த மனுஷன், குழுவில் இப்படி எழுதினார்.

“அட, சண்டையை விடுங்கப்பா. நாம தட்டினதும் உள்ள இருந்து யாரோ திருப்பித் தட்டுவாங்களே, அது யாருக்காவது ஞாபகம் இருக்கா?”

கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

“ஆமா, ரெண்டு தட்டு. எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது.”

எழுதியது விருந்தாளி.